தரையில் நிறுத்தினால் தப்பிவிடுமா?

2022 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் நடந்த விமானக் கண்காட்சியில், இரண்டாம் உலகப் போர்க்காலத்து பி-17 குண்டுவீச்சு விமானம் ஒன்றும் பி-63 கிங்கோப்ரா சண்டை விமானம் ஒன்றும் நடுவானில் மோதிச் சிதறின. இரண்டிலும் இருந்த 6 பேரும் இறந்தார்கள். காணொளி கைபேசிகளில் சுற்றத் தொடங்கிய சில மணி நேரத்துக்குள் தீர்ப்பும் வந்துவிட்டது. எண்பது வருடப் பழைய விமானத்தை இன்னும் எதற்குப் பறக்கவிட வேண்டும்? அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டால் விமானமும் மிஞ்சும், மனிதரும் மிஞ்சுவார்கள் இல்லையா? 2018 இல் சுவிட்சர்லாந்தின் மலைச்சரிவில் பழைய யுங்கர்ஸ் விமானம் விழுந்து 20 பேர் இறந்தபோதும், 2019 இல் கனெக்டிகட்டின் பிராட்லி விமான நிலையத்தில் ‘நைன்-ஓ-நைன்’ என்ற பி-17 எரிந்து 7 பேர் இறந்தபோதும், 2024 மே 25 அன்று இங்கிலாந்தின் கானிங்ஸ்பி அருகே ஸ்பிட்ஃபயர் விழுந்து ஸ்குவாட்ரன் லீடர் மார்க் லாங் இறந்தபோதும் இதே கேள்விதான், இதே தீர்ப்புதான்.

இப்படிச் சொல்பவர்களில் பலர் பழைய விமானங்கள்மேல் பிரியம் உள்ளவர்கள். உயிரின்மேல் அக்கறை உள்ளவர்கள். அதனாலேயே இந்தக் கருத்து இன்று எல்லோரும் தலையாட்டும் பொது அறிவாகிவிட்டது. அதை மறுப்பவன் மனித உயிரைவிட இரும்பைப் பெரிதாக நினைப்பவன் என்று பெயர் வாங்குகிறான். அந்தப் பெயர் வந்தாலும் பரவாயில்லை. இந்தக் கருத்து தவறு. விபத்து ஏன் நடந்தது என்பதிலும் தவறு, பாதுகாப்பு என்றால் என்ன என்பதிலும் தவறு, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விமானம் என்பது எது என்பதிலேயே தவறு.

விபத்துகளிலிருந்தே தொடங்கலாம். டல்லாஸில் மோதிய இரண்டு விமானங்களும் மோதும் நொடிவரை நன்றாகவே பறந்துகொண்டிருந்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் விசாரித்துச் சொன்ன காரணத்தில் துரு இல்லை, உலோகச் சோர்வு இல்லை. ஒரே வானத்தில் பல விமானங்களைச் சுற்றவிடும்போது எது எங்கே, எந்த உயரத்தில் என்று முன்கூட்டியே பிரித்துச் சொல்லும் சரியான திட்டம் இல்லை. பறக்கும்போதே வானொலியில் உத்தரவு கொடுத்துக்கொள்ளலாம், விமானிகள் கண்ணால் பார்த்து விலகிக்கொள்வார்கள் என்று விட்டுவிட்டார்கள். நேற்று தொழிற்சாலையிலிருந்து வந்த விமானங்களை அப்படிச் சுற்றவிட்டிருந்தாலும் மோதியிருக்கும்.

பிராட்லி விபத்து இன்னும் கசப்பானது. ‘நைன்-ஓ-நைன்’ பயணிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வலப்பக்கத்து எஞ்சின்கள் இரண்டிலும் சக்தி குறைந்தது. திரும்பி இறங்க வரும்போது வேகமும் உயரமும் போதாமல் ஓடுபாதைக்கு முன்னாலேயே மோதியது. எஞ்சின்களைப் பிரித்துப் பார்த்தபோது மேக்னெட்டோவில் கோளாறு இருந்தது. ஸ்பார்க் பிளக்குகளின் இடைவெளி அனுமதித்த அளவைத் தாண்டித் தேய்ந்திருந்தது. ஸ்பார்க் பிளக் இடைவெளி என்பது நம் தெருமுனை மோட்டார் சைக்கிள் மெக்கானிக்கும் அன்றாடம் பார்க்கிற விஷயம். அதைப் பார்க்காமல் விட்டிருக்கிறார்கள். அந்த விமானத்தின் பராமரிப்புக்குப் பொறுப்பாளராக இருந்தவரே அன்று அதை ஓட்டிய விமானியும்கூட. தான் செய்த வேலையைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாடு எங்கே இருந்தாலும் இப்படித்தான் முடியும். மேற்பார்வை செய்ய வேண்டிய அரசு அமைப்பும் போதிய கண்காணிப்பு செய்யவில்லை என்று அதே அறிக்கை சொன்னது. சுவிட்சர்லாந்தில் நடந்ததோ, குறுகிய மலைப்பள்ளத்தாக்குக்குள் தாழ்வாக நுழைந்து, திரும்பி வெளியே வர இடம் வைத்துக்கொள்ளாமல் பறந்ததன் விளைவு. எந்த வயது விமானத்துக்கும் மலை வழிவிடாது.

இவற்றை எல்லாம் ‘பழைய விமானம் விழுந்தது’ என்று ஒரே வரியில் முடிப்பவர்கள், அறியாமலே, உண்மையில் தப்பு செய்தவர்களைத் தப்பவிடுகிறார்கள். திட்டமிடாத ஏற்பாட்டாளரும் பிளக்கைப் பார்க்காத பராமரிப்பும் கண்ணை மூடிக்கொண்ட மேற்பார்வையும் மறைந்துபோய், 1944 இல் பிறந்த அலுமினியம் குற்றவாளியாகிறது.

ஒரு விபத்தைப் பற்றி மட்டும் நான் இவ்வளவு எளிதாகப் பேச மாட்டேன். 2015 ஆகஸ்ட் 22 அன்று இங்கிலாந்தின் ஷோரம் விமானக் கண்காட்சியில் ஒரு ஹாக்கர் ஹன்டர் ஜெட், போதிய உயரமும் வேகமும் இல்லாமல் வானில் வளையம் போட்டு, மீண்டு எழ முடியாமல் நெடுஞ்சாலையில் விழுந்தது. 11 பேர் இறந்தார்கள். அந்தச் சாலையில் தங்கள் வேலையாகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கு எந்த விமானத்தையும் பார்த்தாக வேண்டிய தேவை இல்லை. விமானி தன் உயிரைப் பணயம் வைப்பது அவர் விருப்பம். அடுத்தவர் உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை கிடையாது. இதில் எதிர்த்தரப்பார் சொல்வதற்கும் நான் சொல்வதற்கும் இம்மியளவும் வித்தியாசம் இல்லை. வித்தியாசம் அடுத்த அடியில் வருகிறது. பிரிட்டனின் விமானப் போக்குவரத்து ஆணையம் அதன் பிறகு பழைய ஜெட்டுகளின் வித்தைகளைக் கட்டுப்படுத்தியது, கூட்டத்துக்கும் விமானத்துக்கும் இடையே இருக்க வேண்டிய தூரத்தைக் கூட்டியது, அனுமதி விதிகளை இறுக்கியது. பறப்பதை ஒழிக்கவில்லை. நம் ஊரிலும் இதுதான் வழக்கம். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் அருகே களிமேட்டில் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 உயிர்கள் போயின. ஊரே அழுதது. இனி தமிழ்நாட்டில் தேரே ஓடக்கூடாது என்று ஒருவரும் சொல்லவில்லை. உயரத்தை அளந்துவிட்டு அனுமதி கொடு, தேர் வரும்போது மின்சாரத்தை நிறுத்து என்றுதான் சொன்னோம். 1948 இல் நின்றுபோன திருவாரூர் ஆழித்தேர் 1970 இல் மறுபடி வீதிக்கு வந்ததும், இரும்புச் சக்கரமும் பிரேக்கும் பொருத்திக்கொண்டுதான்.

அடுத்தது, அருங்காட்சியகத்தில் நிறுத்தினால் விமானம் பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை. ஐரோப்பாவில் 25 தாக்குதல்களை முடித்துத் திரும்பிய ‘மெம்ஃபிஸ் பெல்’ என்ற பி-17 ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதைவிடப் புகழ்பெற்ற குண்டுவீச்சு விமானங்கள் அதிகம் இல்லை. 1946 இல் மெம்ஃபிஸ் நகரம் அதை 350 டாலருக்கு வாங்கியது. பிறகு பல பத்தாண்டுகள் வெட்டவெளியில் வெயிலிலும் மழையிலும் நின்றது. உள்ளே இருந்த கருவிகளை ஆட்கள் கழற்றிக்கொண்டு போனார்கள். உள்ளூர்க்காரர்கள் சிலர் அதைக் காப்பாற்றப் பாடுபட்டும் முடியவில்லை. கடைசியில் 2005 இல் டேட்டனில் உள்ள அமெரிக்க விமானப்படை அருங்காட்சியகம் எடுத்துப்போய், 13 வருடம் உழைத்து, 2018 மே மாதத்தில்தான் மக்கள் பார்வைக்கு வைக்க முடிந்தது. போரில் குண்டுகளுக்குத் தப்பிய விமானத்தை அமைதிக்காலத்து மரியாதை அரைகுறையாக அழித்திருந்தது. கூரை இருந்தால் போதும் என்றும் சொல்வதற்கில்லை. 1978 பிப்ரவரியில் சான் டியாகோ விமான அருங்காட்சியகம் தீப்பிடித்து எரிந்தபோது 40க்கும் மேற்பட்ட விமானங்கள் ஒரே இரவில் சாம்பலாயின. அவற்றில் ஒன்றும் அப்போது பறந்துகொண்டிருக்கவில்லை.

நம் பக்கத்திலேயே பாருங்கள். கல்லூரி வாசலிலும் ஊர்ப் பூங்காவிலும் கான்கிரீட் தூண்மேல் ஏற்றி வைத்த ஓய்வுபெற்ற விமானங்கள் எத்தனை! திறந்துவைத்த அன்று மாலை, ரிப்பன், புகைப்படம். அதன்பின் மழைநீர் இறக்கைக்குள் இறங்கி வெளியேற வழியில்லாமல் தேங்குகிறது. எஞ்சின் வாயில் பறவை கூடு கட்டுகிறது. துருவின்மேலேயே மறுபடி பெயின்ட் அடிக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்க்கப் பளபளப்பாகத்தான் இருக்கும்.

பறக்கும் விமானத்துக்கு இந்தக் கதி நேர வழியில்லை. பறக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு வருடமும் அதைத் திறந்தாக வேண்டும், உள்ளே விளக்கடித்துப் பார்த்தாக வேண்டும், கையெழுத்துப் போட ஒருவர் பொறுப்பேற்றாக வேண்டும். 2021 இல் ‘அலுமினம் ஓவர்காஸ்ட்’ என்ற பறக்கும் பி-17 ஐச் சோதித்தபோது இறக்கை உடலோடு சேரும் இடத்தில் கோளாறு தெரிந்தது. தொடர்ந்து மற்ற பி-17 களையும் பார்த்து, 2023 இல் அமெரிக்க விமானத்துறை அந்த இணைப்புகளைச் சோதிக்காமல் எந்த பி-17 ஐயும் பறக்கவிடக் கூடாது என்று உத்தரவிட்டது. எதிர்த்தரப்பார் இதைத் தங்களுக்குச் சாதகமான செய்தியாகப் பார்த்தார்கள்: பாருங்கள், இறக்கையே கழன்றிருக்கும் என்று. நான் இதை நேர்மாறாகப் படிக்கிறேன். பறப்பதால்தான் அந்தக் கோளாறு கண்ணில் பட்டது. எந்த அருங்காட்சியகக் காவலரும் அந்த மூலைக்குள் தலையை நுழைத்திருக்க மாட்டார். பிரிட்டிஷ் விமானப்படையின் லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்துக்கு 1995-96 குளிர்காலத்தில் பிரதான இறக்கைத் தண்டையே மாற்றினார்கள். அதனால் அது இன்றும் இருக்கிறது.

இந்த இடத்தில் என்னை மடக்கக்கூடிய ஒரு சான்று உண்டு. அதை எதிர்த்தரப்பார் யாரும் எடுத்துவைத்து நான் பார்த்ததில்லை, நானே எடுத்துவைக்கிறேன். சென்னை எம்.ஐ.டி.யில் படித்தபோது, அங்கே காட்சிக்கு வைத்திருந்த ஓய்வுபெற்ற இரண்டு விமானங்கள்தான் தன்னை மிகவும் ஈர்த்தன என்று அப்துல் கலாம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் சொல்கிறார். மற்ற மாணவர்கள் விடுதிக்குப் போன பிறகும் அவற்றின் அருகில் உட்கார்ந்திருப்பாராம். பறக்காத விமானம் ஒன்று ராமேஸ்வரத்து இளைஞரை விண்வெளி வரை கொண்டுபோயிருக்கிறதே, பறக்கும் விமானம் எதற்கு?

அந்த விமானங்கள் அங்கே எதற்காக நின்றன என்பதில் பதில் இருக்கிறது. விமானத்தின் உறுப்புகள் எப்படி இயங்குகின்றன என்று மாணவர்களுக்குச் செய்து காட்டுவதற்காக அவை வைக்கப்பட்டிருந்தன. தொடலாம், திறக்கலாம், ஆசிரியரிடம் கேட்கலாம். அது 1950கள். அந்த மாதிரி எஞ்சினைக் கையால் பிரித்துப் பூட்டியவர்கள் நாடு முழுக்க வேலையில் இருந்த காலம். விமானம் நின்றுகொண்டிருந்தாலும் அதைப் பற்றிய அறிவு ஓடிக்கொண்டிருந்தது. இன்று கயிறு கட்டி, ‘தொடாதீர்கள்’ என்று பலகை வைத்து நிறுத்தும் விமானத்தின் அருகில் ஒரு மாணவி எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும், அவள் கேள்விக்குப் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை.

என் வழக்கின் நடுப்புள்ளி இதுதான். எதிர்த்தரப்பார் விமானத்தை ஒரு பொருளாக மட்டும் பார்க்கிறார்கள். பொருளின் பாதி, அதை இயக்கத் தெரிந்த கைகளில் இருக்கிறது. டகோட்டா விமானத்தை ஒரு காலைப்பொழுதில் எழுப்புவது எப்படி என்று பாருங்கள். அதன் இரண்டு எஞ்சின்களும் ‘ட்வின் வாஸ்ப்’ வகை. ஒவ்வொன்றிலும் 14 சிலிண்டர்கள், நடுத்தண்டைச் சுற்றி நட்சத்திரம்போல், இரண்டு வரிசையாக. ராத்திரி முழுக்க நின்ற எஞ்சினில் ஆயில் மெல்லக் கசிந்து கீழ்ப்பக்கத்துச் சிலிண்டர்களில் தேங்கும். காற்றை அமுக்கலாம், ஆயிலை அமுக்க முடியாது. அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் ஆயிலில் முட்டிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அன்றே முறிந்தால் நல்லது. முறியாமல் வளைந்த நிலையிலேயே சில நாள் ஓடி, பிறகு வானத்தில் முறிவதுதான் பயங்கரம். அதனால் முதல் வேலை, ஸ்விட்ச் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் சுற்றுவது. ஒருவர் ஓர் இதழைத் தள்ளிவிட்டு விலக, அடுத்தவர் அடுத்த இதழைப் பிடிப்பார். எங்காவது பிடித்துக்கொண்டால் பலம் கொடுத்துத் தள்ளக்கூடாது. பின்பக்கமாகவும் சுற்றக்கூடாது, தேங்கிய ஆயில் உறிஞ்சுகுழாய்க்குள் ஏறி, ஸ்டார்ட் செய்யும்போது மறுபடி சிலிண்டருக்குள்ளேயே வந்து சேரும். பிடித்துக்கொண்டால் கீழ்ச் சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஆயிலை வடியவிட்டு, மறுபடி முதலிலிருந்து சுற்ற வேண்டும். எந்த இறுக்கம் இயல்பானது, எந்த இறுக்கம் ஆபத்து என்பது உள்ளங்கைக்குத்தான் தெரியும். கையேட்டில் எழுதியிருக்கிறது, ஆனால் கையேட்டைப் படித்து அந்த இறுக்கத்தை உணர முடியாது. தெரிந்தவர் பக்கத்தில் நின்று, அவர் கையோடு கை வைத்துத் தள்ளிப் பழக வேண்டும். பத்து வருடம் யாரும் தள்ளவில்லை என்றால் அந்த அறிவு போய்விடும். காட்சிக்கூடத்தில் விமானம் மட்டும் பத்திரமாக நிற்கும்.

ஸ்பிட்ஃபயருக்கு வேறு சாமர்த்தியம் வேண்டும். நீண்ட மூக்கு முன்னால் மறைப்பதால், தரையில் ஓட்டும்போது நேராகப் போக முடியாது. இடமும் வலமும் வளைந்து வளைந்து, பக்கவாட்டில் எட்டிப் பார்த்துக்கொண்டே போக வேண்டும். மெர்லின் எஞ்சினின் குளிர்விப்பான் இறக்கையின் அடியில் இருப்பதால், பறக்காமல் நின்றுகொண்டிருந்தால் காற்றோட்டம் போதாமல் சூடு ஏறிக்கொண்டே போகும். தாமதிக்காமல் கிளம்பியாக வேண்டும், அவசரப்பட்டு எதையும் விட்டுவிடவும் கூடாது. அதன் இறக்கைத் தண்டு, ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. வேரில் தடிமனாகவும் நுனியில் மெலிதாகவும் இருக்கும். அதைச் செய்யும் தொழில் இன்று இங்கிலாந்தில் இருக்கிறது என்றால், அதற்கு ஒரே காரணம் ஸ்பிட்ஃபயர்கள் பறக்கின்றன என்பதுதான். 1960களின் கடைசியில் ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படம் எடுத்தபோது, தேடித் திரட்டியதில் 12 ஸ்பிட்ஃபயர்களைத்தான் பறக்கவைக்க முடிந்தது. இன்று உலகில் பறக்கும் ஸ்பிட்ஃபயர்கள் அதைப்போலப் பல மடங்கு. அரை நூற்றாண்டு கழிந்து எண்ணிக்கை குறைய வேண்டியதற்குப் பதில் கூடியிருக்கிறது.

இந்த அறிவு ஒருகாலத்தில் நம்மிடம் எவ்வளவு இருந்தது என்பதை நினைத்தால் நெஞ்சு பொறுப்பதில்லை. போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விமானப்படை தன்னிடம் இருந்த பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்களைக் கான்பூரில் கைவிட்டது. அமெரிக்காவிடம் கடன்-குத்தகையில் வாங்கியவை; திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். எஞ்சினுக்குள் மணலைக் கொட்டினார்கள், கருவிகளை அடித்து நொறுக்கினார்கள். சுதந்திரம் பெற்ற இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டபோது, ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆட்கள் அந்தக் குப்பைமேட்டுக்குப் போனார்கள். ஒன்றின் உறுப்பை எடுத்து இன்னொன்றில் பூட்டி, ஒரு முறை பறந்தால் போதும் என்ற அளவுக்குத் தேற்றி, விமானி ஜம்ஷெட் முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அங்கே முழுவதுமாகப் பிரித்து மறுபடி கட்டினார்கள். சுமார் 40 விமானங்கள் இப்படி எழுந்தன. 1948 இல் அவற்றைக் கொண்டு ஒரு குண்டுவீச்சுப் படைப்பிரிவே உருவானது. 1968 கடைசி வரை அவை பணியில் இருந்தன. உலகில் லிபரேட்டரைக் கடைசிவரை ராணுவத்தில் வைத்திருந்த நாடு இந்தியாதான்.

18,000க்கும் மேல் கட்டப்பட்ட அந்த ரகத்தில் இன்று மிஞ்சியிருப்பவை சொற்பம். லண்டன் ஹெண்டனில் நிற்பதும், கனடாவின் ஒட்டாவாவில் நிற்பதும், அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்தில் நிற்பதும் இந்திய விமானப்படையிலிருந்து போனவை. 1989 இல் அமெரிக்காவில் புதுப்பித்துப் பறக்கவிட்ட லிபரேட்டரும் இங்கிருந்து போனதே. 2023 இல் இங்கிலாந்தில் மறுபடி பறந்த டெம்பெஸ்ட் சண்டை விமானமும் நம் விமானப்படையில் இருந்ததுதான். நமக்குப் பழைய இரும்பாகத் தெரிந்தது அவர்களுக்கு விமானமாகத் தெரிந்தது.

அதன் விலையையும் கொடுத்தோம். இந்திய விமானப்படை தன் பழம்பெரும் விமானங்களுக்கென்று ஒரு பிரிவைத் தொடங்கி, 2012 விமானப்படை தினத்தில் ஒரு டைகர் மாத்தைப் பறக்கவிட்டது. மரமும் துணியும் கொண்ட எளிய பயிற்சி விமானம் அது. நம் பழைய தலைமுறை விமானிகள் பலர் அதில்தான் பறக்கப் பழகினார்கள். அதைப் புதுப்பித்தது பிரிட்டனில். 2018 இல் வந்த டகோட்டாவும் அப்படித்தான். 1947 அக்டோபர் 27 அன்று சீக்கியப் படைப்பிரிவின் வீரர்களோடு ஸ்ரீநகரில் இறங்கிய விமானத்தின் நினைவாக விபி905 என்ற எண் இட்டு, ‘பரசுராமா’ என்று பெயர் சூட்டினார்கள். அயர்லாந்தில் சிதைந்து கிடந்த விமானத்தை அரசியல்வாதி ராஜீவ் சந்திரசேகர் தன் செலவில் வாங்கி, இங்கிலாந்தின் கவென்ட்ரியில் புதுப்பித்து, பரிசாகக் கொடுத்தார். அவர் தந்தை டகோட்டா விமானி. கான்பூர்க் குப்பையிலிருந்து நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானங்களை எழுப்பிய நாடு, இரண்டு எஞ்சின் டகோட்டாவுக்காகக் கவென்ட்ரிக்குப் போக வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் நாம் விமானங்களைத் தூண்மேல் ஏற்றிப் ‘பாதுகாத்து’க்கொண்டிருந்தோம்.

புதுப்பித்த விமானம் அசல் இல்லையே, பாதி உலோகம் புதிதாயிற்றே என்று ஒரு வாதம் உண்டு. உண்மைதான். 1940 மே 26 அன்று பிரான்சின் சங்காட் கடற்கரையில் இறங்கி மணலுக்குள் புதைந்துபோன என்3200 என்ற ஸ்பிட்ஃபயர் 1986 இல் வெளிவந்து, 2014 இல் மறுபடி பறந்தபோது அதன் பெரும்பகுதி புதிய உலோகம். மரத்தாலான மொஸ்கிட்டோ விமானத்தின் கதை இன்னும் தீவிரம். 1944 இல் இந்தியாவில் பசை இணைப்பு விட்டு இறக்கை பிரிந்து, நவம்பர் மாதம் இங்கிருந்த மொஸ்கிட்டோக்களை எல்லாம் தரையிறக்கிச் சோதிக்க வேண்டியதாயிற்று. அந்தப் பழைய மரமும் பசையும் இன்று பறக்காது. நியூசிலாந்தின் ஆர்ட்மோரில் 2012 இல் பறந்த மொஸ்கிட்டோவுக்குப் புதிதாக அச்சு செய்து, அதன்மேல் புதிதாக மரத்தை ஒட்டி உடலை வார்த்தார்கள். போர்க்காலத்திலும் இந்த விமானங்கள் வாராவாரம் பாகம் மாற்றித்தான் பறந்தன. அசல் என்ற பெயரில் நாம் கேட்பது, அவை ஒருநாளும் இருந்திராத ஒரு நிலையை.

இருந்தாலும் ஓர் எல்லை வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1942 இல் லிபியாவில் பிடிபட்ட ‘பிளாக் 6’ என்ற ஜெர்மன் மெஸ்ஸர்ஷ்மிட் 109, போரில் பறந்த அதே உடலோடு மீண்ட அபூர்வம். 1991 முதல் இங்கிலாந்தில் பறந்தது. ஓய்வு கொடுக்கவிருந்த சமயத்தில், 1997 அக்டோபர் 12 அன்று டக்ஸ்ஃபோர்டில் கவிழ்ந்து நொறுங்கியது. விமானி பிழைத்தார். அந்த விமானத்தைப் பறக்கவிட்டிருக்கக் கூடாது. ஒன்றே ஒன்று மிஞ்சியிருக்கும் ரகம், போரின் காயங்கள் அப்படியே இருக்கும் விமானம் ஆகியவற்றைத் தொடாமல் வைப்பதே முறை. டகோட்டாவுக்கும் டைகர் மாத்துக்கும் ஹார்வர்டு பயிற்சி விமானத்துக்கும் இந்த விதி பொருந்தாது. அவை நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

போரைக் கொண்டாடுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டைத்தான் நான் மிகவும் கனமாக எடுத்துக்கொள்கிறேன். லங்காஸ்டர்கள் டிரெஸ்டனை எரித்தன. அவற்றை ஓட்டிய பிரிட்டிஷ் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் இறந்தார்கள். இதில் கொண்டாட என்ன இருக்கிறது? இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஃபிரெட், ஹரால்ட் பேன்டன் என்று இரண்டு விவசாயச் சகோதரர்கள் இருந்தார்கள். அவர்களுடைய அண்ணன் கிறிஸ்டோஃபர், 1944 மார்ச் 30 இரவு நூரம்பெர்க் தாக்குதலுக்குப் போன ஹாலிஃபாக்ஸ் விமானத்தில் இறந்தார். அந்த ஓர் இரவில் மட்டும் 95 விமானங்கள் திரும்பவில்லை. 1983 இல் சகோதரர்கள் ஒரு லங்காஸ்டரை விலைக்கு வாங்கி, ஈஸ்ட் கர்க்பியின் பழைய விமானத் தளத்தில் வைத்து, அதன் நான்கு எஞ்சின்களையும் ஓடவைத்தார்கள். அதைப் பறக்கவைக்கும் வேலை இன்னும் நடக்கிறது. அண்ணனை இழந்தவர்கள் கல்வெட்டு வைத்ததோடு நின்றிருக்கலாம். அந்த எஞ்சின்களின் சத்தம் வேண்டும் என்று நினைத்தார்கள். அவர்களிடம் போய்ப் போரைக் கொண்டாடுகிறீர்கள் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அந்தப் போர் நமக்கும் தூரத்துச் செய்தி இல்லை. 1942 ஏப்ரல் 5 அன்று ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபோது குதிரைப் பந்தயத் திடலிலிருந்து ஹரிகேன் சண்டை விமானங்கள் எழும்பின. 1944 இல் இம்பாலில் அர்ஜன் சிங் தலைமையில் நம் விமானிகள் ஹரிகேன் ஓட்டினார்கள். ஹரிகேன் ஒன்று டெல்லி பாலம் அருங்காட்சியகத்தில் நிற்கிறது; பறக்கும் ஹரிகேனை இந்தியாவில் பார்க்க வழியில்லை. எஞ்சினைக் கேட்காத தலைமுறைக்கு அந்த இளைஞர்கள் எப்படிப்பட்ட இயந்திரத்தில் உயிரை ஒப்படைத்தார்கள் என்று எப்படிச் சொல்வது?

செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உலகெங்கும் இந்த விமானங்களில் பெரும்பாலானவை நன்கொடையிலும் நுழைவுக் கட்டணத்திலும் தொண்டர்களின் உழைப்பிலும் பறக்கின்றன. நம் டகோட்டாவே பரிசாக வந்ததுதான்; அதைக்கூட ஏற்பதற்கு முதலில் தயங்கியிருக்கிறோம்.

கட்டுப்பாடு எவ்வளவு கடுமையாக இருந்தாலும் நான் ஆதரிப்பேன். பணம் வாங்கிப் பயணிகளை ஏற்றுவது வேண்டாம். வீடுகளுக்கும் சாலைகளுக்கும் மேல் வித்தை வேண்டாம். பராமரிப்பவர் வேறு, சரிபார்ப்பவர் வேறு, ஓட்டுபவர் வேறாக இருக்கட்டும். 2025 செப்டம்பரில் ஓய்வுபெற்ற மிக்-21 ஐப் பறக்க வைத்திருக்க வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். ஒலியை மிஞ்சும் ஜெட்டை ஞாபகார்த்தமாக ஓட்டுவதில் உள்ள ஆபத்து, அதில் கிடைக்கும் பயனைவிடப் பெரிது.

ஆனால் ஆவ்ரோ விஷயத்தில் இப்போதே முடிவெடுக்க வேண்டும். லிபரேட்டர்கள் குவிந்து கிடந்த அதே கான்பூரில் கட்டப்பட்டு, 1961 இல் முதலில் பறந்த போக்குவரத்து விமானம் அது. அதன் இடத்துக்கு 2023 முதல் சி-295 விமானங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அதன் டார்ட் எஞ்சின்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. இன்னும் சில வருடங்களில் அவை ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போய்விடும். விமானப்படைத் தலைமையகத்துக்கு என் வேண்டுகோள் இது: கடைசி ஆவ்ரோவைத் தூண்மேல் ஏற்றுவதற்கு முன், நல்ல நிலையில் உள்ள ஒன்றையாவது பழம்பெரும் விமானப் பிரிவுக்குக் கொடுங்கள். அதன் கருவிகளையும் உதிரிபாகங்களையும் கையேடுகளையும் ஏலத்துக்கு விடாதீர்கள். ஓய்வுபெறும் தொழில்நுட்பர் ஒவ்வொருவர் பக்கத்திலும் இளைஞர் ஒருவரை இப்போதே நிறுத்துங்கள். இதை எல்லாம் பத்து வருடம் கழித்துச் செய்ய நினைத்தால் மறுபடி இங்கிலாந்துக்குத்தான் போக வேண்டியிருக்கும்.